ஷியாமின் தாயும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

(புனேயில் தமிழ்த் தோழர்களின் குடும்பக் கூட்டத்தில் ‘ஷியாம்ச்சி ஆயி’ மராத்தித் திரைப்படம் திரையிடப்பட்டது. அதன்பின் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)



நீந்தப் பயந்து ஒளிந்துகொள்ளும் சிறுவனைக் கண்டு பிள்ளைகள் சிரித்தார்கள். தாயின் இறுதி நேரத்தைக் கண்டு பெரியவர்கள் பலர் கண்களைத் துடைத்துக்கொண்டார்கள். சிரித்ததற்கும் அழுததற்கும் இங்கே எவரும் கூச்சப்பட வேண்டியதில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இந்தத் திரையிடலுக்கு ஏற்பாடு நடந்தபோது தோழர்களிடையே ஒரு கேள்வி எழுந்தது. கட்சிக் குடும்பங்கள் கூடும் இடத்தில், கொங்கண் கிராமத்துப் பிராமணக் குடும்பத்துத் தாயின் பெருமையைச் சொல்லும் எழுபது ஆண்டுப் பழமையான படம் எதற்கு? ஒரு வேலைநிறுத்தத்தையோ விவசாயிகளின் எழுச்சியையோ காட்டும் படம் கிடைக்கவில்லையா? இது நியாயமான கேள்வி. இதற்கு விடை சொல்லும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டிருக்கிறது.

என் விடையைச் சுருக்கமாக முன்வைக்கிறேன். நல்ல குடும்பப் படத்தைப் பிள்ளைகளோடு அமர்ந்து மனமார ரசிப்பது, அரசியலை வாசலில் கழற்றி வைத்துவிட்டுச் செய்யும் காரியம் என்று நான் கருதவில்லை. பசி, அன்பு, அவமானம், நியாயம் ஆகியவற்றைப் பிள்ளை முதன்முதலில் அறிவது வீட்டிலும் கதையிலும்தான். அப்படி ஊறிய உணர்வு வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறதா, தெருவைக் கடந்து நடக்கிறதா என்பதே நாம் கவலைப்பட வேண்டிய செய்தி. இன்று பார்த்த படத்தின் ஆசிரியரும் இயக்குநரும் அந்தக் கேள்விக்குத் தம் வாழ்க்கையாலேயே விடை தந்தவர்கள்.

மார்க்ஸ் சொன்ன கதை

கதை கேட்பதும் ரசிப்பதும் குழந்தைத்தனம் என்று எண்ணும் தோழர்களுக்கு ஒரு செய்தி. காரல் மார்க்ஸின் இளைய மகள் எலினோர், தம் தந்தையைப் பற்றிய நினைவுக் குறிப்பில், அவர் தமக்குச் சொன்ன கதைகளை எழுதியிருக்கிறார். அவற்றில் எலினோருக்கு மிகவும் பிடித்தது ஹான்ஸ் ரோக்லே என்ற மந்திரவாதியின் கதை. அவனிடம் ஒரு பொம்மைக் கடை உண்டு. கடை நிறைய அற்புதமான பொம்மைகள். ஆனால் அவன் கையில் ஒருநாளும் காசு நிற்பதில்லை. கசாப்புக் கடைக்காரனுக்கும் பாக்கி, சாத்தானுக்கும் பாக்கி. ஆகவே மனம் நொந்து, தன் அழகான பொம்மைகளை ஒவ்வொன்றாகச் சாத்தானுக்கு விற்றுவிடுவான். பல விந்தைகளுக்குப் பிறகு அவையெல்லாம் அவன் கடைக்கே திரும்பி வந்துவிடும். மாதக்கணக்கில் நீண்ட கதை அது.

அடகுக் கடைக்கு நடந்து நடந்து அலுத்த குடும்பத்தின் தலைவர் தம் மகளுக்குச் சொன்ன கதை அது. உழைத்துப் படைத்தவனின் பொருள் கடனால் பறிபோவதையும், அது ஒருநாள் அவனிடமே திரும்பும் என்பதையும் அந்தச் சிறுமி சிரித்துக்கொண்டே கேட்டாள். பொருளாதாரப் பாடம் எதுவும் அவளுக்கு நடத்தப்படவில்லை. கதை மட்டுமே சொல்லப்பட்டது. பின்னாளில் லண்டன் தொழிலாளர் இயக்கத்தில் முன்னணியில் நின்ற எலினோர், அந்தக் கதையை மறக்கவேயில்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு நம் படத்துக்கு வருவோம். அங்கும் ஒரு தாய், ஒரு பிள்ளை, தீராத ஒரு கடன்.

சிறையில் எழுதிய புத்தகம்

‘ஷியாம்ச்சி ஆயி’ என்றால் ‘ஷியாமின் தாய்’ என்று பொருள். இதை எழுதியவர் பாண்டுரங்க சதாசிவ சானே. மகாராஷ்டிர மக்களுக்கு அவர் சானே குருஜி. 1899 டிசம்பர் 24 அன்று ரத்னகிரி மாவட்டம் தாபோலிக்கு அருகிலுள்ள பால்கட் கிராமத்தில் பிறந்தார். வறுமையோடு போராடிப் படித்தார். நம் புனே நகரின் நூதன் மராத்தி வித்யாலயாவில் பயின்று 1918-இல் மெட்ரிக் தேறினார். அதற்கு முந்தைய ஆண்டில் அவருடைய தாய் காலமானார். கடைசி நேரத்தில் தாயின் அருகில் இருக்கும் வாய்ப்பு மகனுக்குக் கிடைக்கவில்லை. அந்தத் துயரமே இந்த நூலின் ஊற்று.

1924 முதல் அமல்நேர் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். மாணவர் விடுதியையும் கவனித்துக்கொண்டார். 1930-இல் சட்டமறுப்பு இயக்கம் தொடங்கியதும் ஆசிரியர் வேலையை உதறிவிட்டுப் போராட்டத்தில் இறங்கினார். அதன்பின் சிறைகள். 1933-இல் நாசிக் சிறையில் இருந்தபோது இந்த நூலின் பெரும்பகுதியை ஒரு சில நாட்களில் எழுதி முடித்தார். 1935-இல் நூல் வெளிவந்தது.

நூலின் அமைப்பு எளிமையானது. வளர்ந்து பெரியவனான ஷியாம், ஆசிரமத்துத் தோழர்களுக்கு ஒவ்வோர் இரவும் தன் தாயைப் பற்றிய ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறான். ஓர் இரவுக்கு ஒரு கதை. பாட்டி மடியில் கேட்கும் கதை போலவே அது நடக்கிறது. மராத்திக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் கையில் இந்நூல் கொடுக்கப்பட்டு வருகிறது. உங்கள் பிள்ளைகளின் மராத்தி வகுப்புத் தோழர்களைக் கேளுங்கள். பலர் வீட்டில் ஒரு பிரதி இருக்கும்.

இரண்டு ஆசிரியர்கள்

இந்நூலைத் திரைக்குக் கொண்டுவந்தவர் ஆச்சார்ய பிரகலாத் கேசவ் அத்ரே. 1898-இல் புனேக்கு அருகிலுள்ள சாஸ்வட் பகுதியில் பிறந்தவர். நம் மக்கள் பலர் வாழும் இதே புனே கேம்ப் பகுதியில் பல ஆண்டுகள் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். நாடகாசிரியர், பத்திரிகையாளர், மேடையில் நகைச்சுவையால் எதிரிகளைத் துவைத்தெடுத்த பேச்சாளர். நூலை எழுதியவரும் பள்ளி ஆசிரியர், படமாக்கியவரும் பள்ளி ஆசிரியர் என்பதைக் கவனியுங்கள். பிள்ளை எங்கே சிரிக்கும், எங்கே திமிறும், எங்கே பொய் சொல்லும் என்பதை அறிந்த இருவர் சேர்ந்த படைப்பு இது.

1953-இல் படம் வெளிவந்தது. தாயாக வனமாலாவும், சிறுவன் ஷியாமாக மாதவ் வஜேயும் நடித்தார்கள். வசந்த் தேசாய் இசையமைத்தார். இந்திய அரசு திரைப்பட விருதுகளைத் தொடங்கிய முதல் முறையே, 1954-இல், அகில இந்திய அளவில் சிறந்த கதைப்படத்துக்கான குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கத்தை இந்தப் படம் பெற்றது. பம்பாயின் பெரிய இந்திப் படங்களையெல்லாம் தாண்டி ஒரு மராத்திப் படம், அதுவும் சிறுவர் வாசிக்கும் ஒரு நூலிலிருந்து பிறந்த படம், அந்த இடத்தைப் பிடித்தது.

ஏன் இதை இன்றும் ரசிக்க முடிகிறது? இந்தத் தாய் தெய்வச் சிலையாக நிற்கவில்லை என்பது முதற்காரணம். அவள் கோபப்படுகிறாள். நீச்சல் கற்றுக்கொள்ளாமல் ஒளிந்துகொண்ட மகனைக் கோலெடுத்து விரட்டுகிறாள். பிறகு அவனைத் தேற்றுகிறாள். ஊரார் தன் பிள்ளையைக் கோழை என்று சொல்லிவிடக் கூடாதே என்ற பயம் அவளுக்கு. இங்கே இருக்கும் தாய்மாரில் அந்தப் பயத்தை அறியாதவர் யார்?

அடுத்தது, சின்னச் சின்னப் பொருள்கள். குளித்த ஈரக் காலில் மண் ஒட்டிவிடும் என்று பிள்ளை அடம்பிடிக்கிறான். தாய் தன் புடவையைக் கல்லின் மேல் விரிக்கிறாள். காலை அழுக்கிலிருந்து காத்துக்கொள்வதைப் போல மனத்தையும் காத்துக்கொள் என்ற கருத்தை அந்த ஒரு செய்கையில் பதிக்கிறாள். நூலில் இன்னொரு நிகழ்ச்சி: வெளியூரில் படிக்கும் ஷியாம், தின்பண்டத்துக்காகத் தரப்பட்ட காசைச் செலவழிக்காமல் சேர்த்து, தம்பிக்கு ஒரு கோட்டு தைத்து, மழையில் நடந்தே ஊர் வந்து சேர்கிறான். கையில் ஐந்து ரூபாய் வந்தால் அதைத் தனக்கென்று மட்டுமே நினைக்கப் பழக்கும் விளம்பரங்களின் நடுவே வளர்கின்றன நம் பிள்ளைகள். அவர்களுக்கு இந்தக் கோட்டின் கதை தேவைப்படுகிறது.

இவையெல்லாம் ரசிக்க வேண்டியவை. ரசிக்கும்போதே குறுக்கிட்டு விளக்கம் சொல்லிக் கெடுத்துவிடக் கூடாதவை. விளக்கத்துக்கு நேரம் படம் முடிந்த பிறகு வருகிறது.

கடன் எங்கிருந்து வந்தது?

படம் முழுவதும் ஒரு நிழல் அந்த வீட்டைத் தொடர்கிறது. அது கடன். பாகப் பிரிவினை, வழக்கு, வட்டி என்று குடும்பம் படிப்படியாகச் சரிகிறது. வசூலுக்கு வந்த ஆள் வீட்டிலேயே அமர்ந்து மானத்தைச் சுடும் சொற்களைப் பேசுகிறான். பொறுக்க முடியாத தாய் வெளியே வந்து அவனுக்கு எதிராக நிற்கிறாள். கடைசியில் வீடு போகிறது. தண்டோரா போடப்படுகிறது.

பார்ப்பவர் மனத்தில் இது விதியின் கொடுமையாகப் பதிந்துவிடலாம். நல்லவர்களுக்கு ஏன் இந்தக் கஷ்டம் என்று பெருமூச்சு விட்டு எழுந்துவிடலாம். நாம் இன்னும் ஒரு படி கீழே இறங்கிப் பார்க்க வேண்டும்.

ஷியாமின் குடும்பம் ‘கோத்’ குடும்பம். கொங்கண் பகுதியில் கோத் என்பவர் அரசுக்கும் உழவருக்கும் நடுவே நின்று நிலவரியை வசூலித்துச் செலுத்தும் உரிமை பெற்றவர். உழவரிடமிருந்து விளைச்சலில் பங்கு, அதற்கு மேல் கட்டாய உழைப்பு என்று பலவற்றைக் கறந்த இடைத்தரகு நிலவுடைமை அது. பணப் பொருளாதாரமும் வட்டிக் கடனும் கிராமத்துக்குள் ஊடுருவியபோது, சிறிய கோத் குடும்பங்கள் சாய்ந்தன. ஷியாமின் வீடு சரிந்தது அந்தச் சுழலில்தான். அதே சுழலில், அந்த வீட்டுக்கும் கீழே, குத்தகை உழவர்களின் வீடுகள் எத்தனையோ ஏற்கெனவே சரிந்து கிடந்தன. அவர்களின் தாய்மாரைப் பற்றி இரவுதோறும் கதை சொல்ல எந்த ஷியாமுக்கும் பள்ளிப்படிப்பு கிடைக்கவில்லை.

அந்த உழவர்கள் கதையாக வராவிட்டாலும் வரலாற்றில் வந்தார்கள். அதே ரத்னகிரி மாவட்டத்தைப் பூர்வீகமாகக் கொண்ட டாக்டர் அம்பேத்கர், கோத்தி முறையை ஒழிக்கும் மசோதாவை 1937 செப்டம்பரில் பம்பாய் சட்டமன்றத்தில் முன்வைத்தார். 1938 ஜனவரியில் ஆயிரக்கணக்கான விவசாயிகள் பம்பாய் சட்டமன்றத்தை நோக்கிப் பேரணி சென்றார்கள். கம்யூனிஸ்டுகளும் அந்தப் பேரணியில் தோளோடு தோள் நின்றார்கள். செங்கொடியும் அம்பேத்கரின் சுதந்திரத் தொழிலாளர் கட்சியும் ஒரே கோரிக்கைக்காக இணைந்த அந்த நாள், நம் இயக்கம் பெருமையோடு நினைவுகூர வேண்டிய நாள். கோத்தி ஒழிப்புச் சட்டம் 1949-இல்தான் வந்தது.

தங்கப் பதக்கம் கிடைத்த அதே முதல் விருது வரிசையில், பிமல் ராயின் ‘தோ பிகா ஜமீன்’ இந்திப் படத்துக்குத் தகுதிச் சான்றிதழ் வழங்கப்பட்டது. கடனுக்காகத் தன் இரண்டு பிகா நிலத்தை இழக்கும் நிலைக்குத் தள்ளப்பட்ட விவசாயி, கல்கத்தாவில் ரிக்‌ஷா இழுக்கும் கதை அது. கதை சலீல் சௌத்ரியுடையது. விவசாயியாக நடித்தவர் பல்ராஜ் சாஹ்னி. இருவரும் இப்டா என்ற மக்கள் நாடக இயக்கத்திலிருந்து வந்தவர்கள். ஒன்று அக்கிரகாரத்து வீட்டின் கடன், மற்றொன்று உழவனின் கடன். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கும் பிள்ளைக்கு, கடன் என்பது ஒரு குடும்பத்தின் தலையெழுத்தாகத் தோன்றாது. அது ஓர் ஏற்பாடு என்று புரியும். ஏற்பாடு என்றால் அதை மாற்றவும் முடியும்.

இது பழங்கதை என்று எண்ணாதீர்கள். விவசாயிகளின் தற்கொலை எண்ணிக்கையில் தொடர்ந்து முன்னணியில் நிற்கும் மாநிலம் மகாராஷ்டிரா. விதர்பாவிலும் மராத்வாடாவிலும் வசூல்காரன் வந்து அமரும் திண்ணை இன்னும் காலியாகவில்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் நுண்நிதி நிறுவனத்தின் ஆள் வாரந்தோறும் பெண்களைக் கூட்டி வைத்துத் தவணை கேட்கும்போது பேசும் பேச்சும், ஷியாமின் தாய் கேட்ட பேச்சும் ஒரே பள்ளியில் படித்தவை.

விறகுச் சுமை

நூலில் இன்னொரு நிகழ்ச்சி உண்டு. மகார் சாதியைச் சேர்ந்த ஒரு கிழவி விறகுச் சுமையோடு தடுமாறி நிற்கிறாள். சுமையைத் தூக்கித் தலையில் வைக்க எவரும் வரவில்லை, தொட்டால் தீட்டு. ஷியாம் ஓடிவந்து தாயிடம் சொல்கிறான். போய்த் தூக்கிவிடு என்று தாய் அனுப்புகிறாள். வீடு திரும்பிக் குளித்துக்கொள்ளலாம் என்பது அவள் கண்ட வழி.

அந்தத் தாயின் காலத்தில், அந்தக் கிராமத்தில், அந்த வீட்டில் இது துணிச்சல். அதை மறுக்க வேண்டாம். ஆனால் அந்தக் குளியலையும் மறைக்க வேண்டாம். இரக்கம் சுமையைத் தூக்கிவிட்டது. தீட்டு என்ற கருத்தைத் தூக்கியெறியவில்லை. கருணை எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் காட்சி அரிது. சுமையைத் தூக்கிவிட்டவனின் நல்ல மனத்தைப் பற்றிக் கதை பேசுகிறது. அந்தக் கிழவியின் வீட்டில் அன்று அடுப்பு எரிந்ததா என்று கேட்பது நம் வேலை.

இதில் மகன் தாயோடு நின்றுவிடவில்லை என்பதே சானே குருஜியின் சிறப்பு. 1947-இல் அவர் மகாராஷ்டிரம் முழுவதும் சுற்றி, கோயில்களையும் கிணறுகளையும் தலித் மக்களுக்குத் திறந்துவிடக் கோரினார். அந்த மே மாதத்தில் பண்டர்பூர் விட்டல் கோயிலின் கதவு தலித் மக்களுக்குத் திறக்கப்பட வேண்டும் என்று உண்ணாநோன்பு இருந்தார். வைதிகர்களின் வசைகளையும் மிரட்டல்களையும் தாங்கினார். கோயில் திறந்தது. கோயில் நுழைவால் மட்டும் சாதி ஒழியாது என்பதை நாம் அறிவோம். நிலமும் கூலியும் மாறாமல் அது அசையாது. ஆனாலும் தாயின் மடியில் தொடங்கிய இரக்கம் குளியலைத் தாண்டி, கிராமத்தைத் தாண்டி, கோயில் வாசலில் உயிரைப் பணயம் வைக்கும் அளவுக்கு வளர்ந்தது. படத்தின் தொடர்ச்சி பண்டர்பூரில்தான் இருக்கிறது.

இயக்குநர் அத்ரேயும் அப்படியே நடந்தார். ‘ஷியாம்ச்சி ஆயி’க்கு அடுத்த ஆண்டே, 1954-இல், ‘மகாத்மா பூலே’ படத்தை எடுத்தார். 1848-இல் இதே புனேயின் பிடே வாடாவில் ஜோதிராவ் பூலேயும் சாவித்திரிபாயும் பெண்களுக்குப் பள்ளி திறந்த வரலாறு நாம் அறிந்ததே. அவர்களின் எதிரிகள் எந்த அக்கிரகாரத்தில் இருந்தார்கள் என்பதும் அறிந்ததே. ஷியாமின் தாயைப் பாடிய அத்ரே, அந்த வரலாற்றையும் திரையில் வைத்தார். 1956-இல் புனேயில் சம்யுக்த மகாராஷ்டிர சமிதி அமைக்கப்பட்டபோது, கம்யூனிஸ்ட் தலைவர் டாங்கேயோடும் சோஷலிஸ்ட் தலைவர் எஸ்.எம். ஜோஷியோடும் அத்ரே முன்வரிசையில் நின்றார். நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிர்நீத்த அந்தப் போராட்டத்தின் பயனாகத்தான் 1960 மே 1 அன்று, தொழிலாளர் தினத்தில், மகாராஷ்டிர மாநிலம் பிறந்தது.

இரண்டு தாய்மார்

தோழர்கள் பலர் கார்க்கியின் ‘தாய்’ நாவலைப் படித்திருப்பீர்கள். தொ.மு.சி. ரகுநாதனின் மொழிபெயர்ப்பில் அது தமிழ்நாட்டில் எத்தனை இளைஞர்களை இயக்கத்துக்கு அழைத்து வந்தது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. 1926-இல் புதோவ்கின் அதைத் திரைப்படமாக்கினார்.

நிலவ்னாவும் கடனும் அடியும் பயமும் நிறைந்த வீட்டில்தான் தொடங்குகிறாள். ஆனால் மகனின் தோழர்கள் அவள் வீட்டுக்கு வருகிறார்கள், துண்டறிக்கைகள் வருகின்றன, அவள் வாசலைக் கடக்கிறாள். ஷியாமின் தாய்க்கு அந்த வாசல் திறக்கவில்லை. அவள் வசூல்காரனை எதிர்த்து நின்ற நேரத்தில், அவளோடு நிற்கத் தெருவில் ஒருவரும் இல்லை. சங்கம் இல்லை, மாதர் அமைப்பு இல்லை. அவளுடைய துணிச்சல் அனைத்தும் சகிப்பாக உருமாறி, நோயாகப் படுத்து, மரணமாக முடிகிறது.

ஆகவே இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ‘தாய் என்றால் இப்படித் தேய வேண்டும்’ என்ற முடிவுக்கு நம் வீட்டு ஆண்கள் வந்துவிடக் கூடாது. அவளுடைய தியாகத்தைக் கொண்டாடுபவர்கள், அவளுக்கு மருத்துவம் கிடைக்காததைப் பற்றிப் பேசுவதில்லை. தாயைத் தொழுவது எளிது. அடுப்படியில் அவளுடைய பாதிச் சுமையை வாங்கிக்கொள்வதும், கூட்டத்துக்கு அவளை அனுப்பிவிட்டுப் பிள்ளையைத் தாமே உறங்க வைப்பதும் கடினம். அந்தக் கடினமான காரியத்தைச் செய்யும் தோழர்களுக்கே இந்தப் படத்தைப் பார்த்துக் கண்ணீர் விடும் முழு உரிமை உண்டு.

யாருடைய பண்பாடு?

இன்று ‘சம்ஸ்காரம்’ என்ற சொல்லைத் தமது தனிச்சொத்தாக்கிக்கொண்டவர்கள் இந்த நூலையும் படத்தையும் தம்முடையவை என்று காட்டுகிறார்கள். ஈரக் காலின் கதையை எடுத்துக்கொள்கிறார்கள். விறகுச் சுமையை விட்டுவிடுகிறார்கள். பண்டர்பூர் உண்ணாநோன்பைப் பற்றி வாய் திறப்பதில்லை. நூல் எழுதப்பட்டது அந்நிய ஆட்சியின் சிறையில் என்பதையும், எழுதியவர் மதவெறியின் பகைவர் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை.

ஒரு சிறிய ஒப்பீடு போதும். சுஜய் டஹாகே இயக்கத்தில் 2023-இல் ‘ஷியாம்ச்சி ஆயி’ மீண்டும் படமாயிற்று. கறுப்பு-வெள்ளையிலேயே எடுக்கப்பட்ட அந்தப் படத்துக்கு, 2025-இல் அறிவிக்கப்பட்ட 71-ஆவது தேசிய விருதுகளில் சிறந்த மராத்திப் படம் என்ற விருது கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் அதே பட்டியலில் சிறந்த இயக்குநருக்கான விருது, ஒரு மாநிலத்து மக்களையும் ஒரு மதத்தினரையும் இழிவுபடுத்திய ‘தி கேரளா ஸ்டோரி’க்கு வழங்கப்பட்டது. 1954-இல் ஷியாமின் தாய்க்குப் பக்கத்தில் நின்றவன் நிலம் இழந்த உழவன். 2025-இல் அவளுக்குப் பக்கத்தில் நிறுத்தப்பட்டது வெறுப்பு. எழுபது ஆண்டுகளில் ஆட்சியாளர்கள் நாட்டை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

ஆனால் குடும்பப் படம் என்ற களம் அவர்களிடம் போய்விடவில்லை. 2015-இல் சிறந்த குழந்தைகள் படத்துக்கான தேசிய விருதை இரண்டு படங்கள் பகிர்ந்துகொண்டன. ஒன்று நம் தமிழ்ப் படம் ‘காக்கா முட்டை’. சென்னைக் குடிசைப் பகுதிச் சிறுவர் இருவர் ஒரு பீட்சாவுக்காக அலையும் கதை. மற்றொன்று மராத்திப் படம் ‘எலிசபெத் ஏகாதசி’. கதை நடக்கும் ஊர் பண்டர்பூர்! கடன் தவணை கட்டாததால் தாயின் பின்னல் இயந்திரத்தை வங்கி எடுத்துச் செல்ல, பிள்ளைகள் தங்கள் சைக்கிளை விற்காமல் காப்பாற்றத் திருவிழாவில் வளையல் கடை போடுகிறார்கள். ஷியாமின் வீட்டுக் கடன் அங்கே வங்கியின் வடிவில் தொடர்கிறது. ஆனால் இந்தப் பிள்ளைகள் அழுதுகொண்டு நிற்கவில்லை. சேர்ந்து வழி தேடுகிறார்கள். தமிழும் மராத்தியும் ஒரே மேடையில் ஏழைப் பிள்ளைகளின் கதையோடு நின்ற அந்த ஆண்டை நம் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள்.

திருச்சி சிறையும் திருக்குறளும்

தமிழர்களாகிய நமக்கு சானே குருஜியோடு தனி உறவு உண்டு. ஆங்கிலேயர்கள் அவரைத் துலே, நாசிக், எரவாடா சிறைகளில் மட்டும் அடைக்கவில்லை. திருச்சிராப்பள்ளிச் சிறையிலும் அடைத்தார்கள். அங்கே அவர் தமிழ் கற்றார். பின்னர் திருக்குறளை மராத்தியில் மொழிபெயர்த்தார். இந்திய மொழிகளைப் பேசுவோர் ஒருவர் மொழியை ஒருவர் கற்க வேண்டும் என்ற நோக்கத்தோடு ‘ஆந்தர் பாரதி’ என்ற கருத்தை முன்வைத்தார். 1948 ஆகஸ்ட் 15 அன்று அவர் தொடங்கிய ‘சாதனா’ வார இதழ், இன்றும் இதே புனேயிலிருந்து வெளிவருகிறது. 1950 ஜூன் 11 அன்று மறைந்ததால், தம் நூல் படமானதை அவர் பார்க்கவில்லை.

கட்கியிலும் தேஹு ரோட்டிலும் படைக்கலத் தொழிற்சாலைகளில் உழைத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இங்கே அமர்ந்திருக்கிறார்கள். ‘வெளியிலிருந்து வந்தவன்’ என்ற கூச்சல் 1960-களில் பம்பாயில் தென்னிந்தியர்களைக் குறிவைத்து எழுந்ததை மூத்த தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தொழிலாளியைத் தொழிலாளிக்கு எதிராக நிறுத்த முதலாளிகளுக்கு மொழி ஒரு வசதியான வேலி. சிறையில் தமிழ் கற்ற மராத்தி ஆசிரியர் அந்த வேலியை மதிக்கவில்லை. மராத்தி படித்து வளரும் நம் பிள்ளைகளும் அதை மதிக்கத் தேவையில்லை. இன்று படத்தில் சில சொற்கள் புரியாமல் பெரியவர்கள் திகைத்தபோது, பிள்ளைகளே நமக்கு மொழிபெயர்த்துச் சொன்னார்கள். அது நமக்குப் பெருமை.

நாம் செய்யக்கூடியவை

இறுதியாக, செயலுக்கான சில கருத்துகள்.

முதலாவது, மாதம் ஒருமுறையாவது கிளைகளில் குடும்பங்களோடு சேர்ந்து ஒரு நல்ல படம் பார்ப்போம். ‘ஷியாம்ச்சி ஆயி’யை அடுத்து ‘தோ பிகா ஜமீன்’, பிறகு ‘காக்கா முட்டை’, ‘எலிசபெத் ஏகாதசி’ என்று வரிசை அமையட்டும். அக்கம்பக்கத்து மராத்திக் குடும்பங்களையும் அழைப்போம்.

இரண்டாவது, படம் ஓடும்போது பேசாமல் இருப்போம். முடிந்தபின் பிள்ளைகள் முதலில் பேசட்டும். பெரியவர்கள் கேள்விகள் மட்டும் கேட்டால் போதும். இந்தக் குடும்பத்துக்குக் கடன் கொடுத்தவன் யார், அவனுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? விறகு சுமந்த பாட்டியின் வீடு எங்கே இருக்கிறது? அந்த அம்மாவோடு நிற்க யாராவது வந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? விடைகள் உடனே வராவிட்டாலும் பரவாயில்லை. கேள்வி பிள்ளையின் மனத்தில் தங்கினால் போதும்.

மூன்றாவது, படத்தோடு புத்தகத்தையும் பிள்ளைகள் கையில் கொடுப்போம். திரை நினைவில் பதிக்கிறது. புத்தகம் நிறுத்தி யோசிக்க இடம் தருகிறது.

நான்காவது, நம் ஊரிலேயே இருக்கும் பொதுச் சொத்தை நினைவில் கொள்வோம். பிரபாத் ஸ்டூடியோ இருந்த நிலத்தில் 1960-இல் திரைப்படக் கல்லூரி எழுந்தது. 1964-இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் புனேயில் அமைக்கப்பட்டது. பழைய படங்கள் அழியாமல் நம் பேரப்பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காக மக்கள் பணத்தில் கட்டப்பட்டவை இவை. அந்தக் காப்பகம் 2022-இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. வருமானக் கணக்கு பார்க்க வேண்டிய ஒரு கழகத்திடம் மக்களின் நினைவுப் பெட்டகம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. அது பொதுச் சொத்தாகவே நீடிக்க வேண்டும் என்ற குரலில் நம் குரலும் சேர வேண்டும்.

தோழர்களே! ஒரு தாய் தன் மகனுக்கு மனத்தைத் தூய்மையாக வைத்துக்கொள்ளக் கற்றுக்கொடுத்தாள். மகன் அந்தத் தூய்மையைத் தன் வீட்டுக்குள் பூட்டி வைக்காமல் பண்டர்பூர் வாசலுக்கு எடுத்துச் சென்றான். நம் பிள்ளைகள் அதை இன்னும் தொலைவுக்கு, கடனும் தீட்டும் இல்லாத ஒரு சமுதாயத்தை நோக்கி எடுத்துச் செல்ல வேண்டும். அதற்கு அவர்கள் முதலில் சிரிக்கவும் அழவும் தெரிந்தவர்களாக வளர வேண்டும். நல்ல கதைகளை அவர்களுக்குக் குறைவின்றிக் கொடுப்போம்.